ரூபாய் நோட்டுகள் காட்டிய வழி

நாள்தோறும் நம் கைகளில் புழங்கும் ரூபாய் நோட்டுகளின் பின்பக்கத்தை நாம் நின்று பார்ப்பதில்லை. 10 ரூபாய் நோட்டில் கோனார்க் சூரியக் கோயிலின் சக்கரம். 20 ரூபாய் நோட்டில் எல்லோரா குகைகள். 50 ரூபாய் நோட்டில் ஹம்பியின் கல்தேர். 100 ரூபாய் நோட்டில் குஜராத்தின் ராணி கி வாவ். 200 ரூபாய் நோட்டில் சாஞ்சி ஸ்தூபி. 2017 முதல் 2019 வரை ஒவ்வொன்றாக வெளிவந்த புதிய வரிசை நோட்டுகள் இவை. ஐந்தையும் அடுக்கி வைத்தால் 380 ரூபாய். எங்கள் பயணத் திட்டம் இந்த 380 ரூபாயில்தான் தொடங்கியது.

எங்களில் ஒருவருக்கு வங்கிப் பணி. மற்றவருக்கு மத்திய அரசுப் பள்ளியில் ஆசிரியப் பணி. இடமாறுதல்களால் ஆறு ஆண்டுகள் வெவ்வேறு ஊர்களில் வாழ்ந்தோம். நாக்பூரில் ஒரே வீட்டில் இருக்கும் வாய்ப்பு வந்தபோது மகன் கல்லூரி விடுதிக்குப் புறப்பட்டுவிட்டான். வீட்டில் எங்கள் பேச்சு பால் கணக்கு, மின் கட்டணம், கடன் தவணை ஆகியவற்றோடு முடிந்துவிடும்.

அந்நாட்களில் ஓய்வுபெற்ற வாடிக்கையாளர் ஒருவர் கிளைக்கு வந்தார். துணைவியாருடன் யாத்திரை செல்வதற்கென்று பல ஆண்டுகளாகப் புதுப்பித்து வந்த நிலையான வைப்பை, முதிர்வுக்கு முன்பே முடித்துத் தருமாறு கேட்டார். துணைவியாரின் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கு அப்பணம் தேவைப்பட்டது. “பணம் சேர்ந்தது, கால் போய்விட்டது” என்றார். அன்று மாலை அந்தச் சொற்களை வீட்டில் பகிர்ந்துகொண்டோம். வெகுநாட்களுக்குப் பிறகு கணக்கு வழக்கு தவிர்த்து நாங்கள் பேசியது அன்றுதான்.

முதலில் ஒரு தனிக் கணக்கு

பயணத்துக்கென்று ஆர்.டி. எனப்படும் தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கினோம். மாதம் 2,000 ரூபாய் வீதம், ஆண்டு முடிவில் அசல் மட்டும் 24,000 ரூபாய். சம்பளக் கணக்கிலிருந்து தவணை தானாகவே சென்றுவிடும் வகையில் ஏற்பாடு செய்தோம். மாதக் கடைசியில் மீதமாவதைச் சேமிப்பதாக இருந்திருந்தால் இப்பணம் சேர்ந்திருக்காது.

சூட்கேஸ்களை விடுத்து ஆளுக்கொரு முதுகுப்பை எடுத்துக்கொண்டோம். மூன்று நாள் பயணத்துக்கு அது போதும்; சுமை தூக்குவதற்கென்று எவரையும் தேட வேண்டியதில்லை. படுக்கை வசதி கொண்ட ஸ்லீப்பர் வகுப்பு, இரவில் பயணம், பகலில் கோயில்கள் என்பது எங்கள் முறை. சாஞ்சிக்குச் சென்ற முதல் பயணத்தில் இருவருக்கும் சேர்த்து ஆன செலவு 7,200 ரூபாய். அதில் ரயில் கட்டணம் கால் பங்குக்கும் குறைவு.

சாஞ்சி: சிறு கொடைகளின் பதிவேடு

நாக்பூரிலிருந்து வடக்கே செல்லும் பாதையில் போபாலைக் கடந்ததும் சாஞ்சி வருகிறது. பெரிய ஸ்தூபியின் உட்பகுதி கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் காலத்தில் செங்கல்லால் கட்டப்பட்டது. பிற்காலத்தில் கல் போர்த்தி விரிவாக்கப்பட்டது. அதைச் சுற்றியுள்ள வேலிக் கற்களில் பிராமி எழுத்தில் நூற்றுக்கணக்கான சிறு கல்வெட்டுகள் உள்ளன. கொடை அளித்தவர்களின் பெயர்கள் அவை. துறவியர், வணிகர், இல்லத்தரசியர் எனப் பலரும் அவர்களுள் அடங்குவர். தெற்கு வாயிலின் சிற்ப வேலையில் ஒரு பகுதியைச் செய்தவர்கள் விதிஷா நகரின் தந்தச் சிற்பிகள் என்று கல்வெட்டே கூறுகிறது. ஓர் அரசர் தொடங்கியதை எளிய மக்களின் சிறு தொகைகள் வளர்த்திருக்கின்றன. வைப்புத்தொகை ஏடுகளோடு வாழ்பவர்களுக்கு அக்கற்களை விட்டு நகர மனம் வராது.

அருகிலேயே 17ஆம் எண் கோயில் என்று குறிக்கப்படும் சிறு கற்கோயில் இருக்கிறது. குப்தர் காலத்தைச் சேர்ந்தது. சதுரமான ஒரு கருவறை, முன்னால் நான்கு தூண்கள், தட்டையான கூரை. கோபுரமும் சிகரமும் தோன்றுவதற்கு முன் கற்கோயில் எவ்வாறு இருந்தது என்பதை அதன் முன் நின்றால் அறியலாம்.

எல்லோராவும் கோனார்க்கும்

அவுரங்காபாத் என்று முன்பு அழைக்கப்பட்ட சத்ரபதி சம்பாஜிநகரில் ரயிலை விட்டு இறங்கினால், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் எல்லோரா. பௌத்த, இந்து, சமணக் குகைகள் 34 அங்கே அடுத்தடுத்து உள்ளன. 16ஆம் எண் கொண்ட கைலாசக் கோயில் 8ஆம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தில் ஒரே பாறையில், மேலிருந்து கீழாகக் குடைந்து உருவாக்கப்பட்டது. காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலைக் கண்ட தமிழருக்கு அதன் விமான அமைப்பு பழகிய முகம்போலத் தோன்றும். செவ்வாய்க்கிழமைகளில் எல்லோராவுக்கு விடுமுறை என்பதை மறக்கலாகாது.

கோனார்க்குக்கு நாங்கள் பூரியிலிருந்து பேருந்தில் சென்றோம். தொலைவு 35 கிலோமீட்டர். 13ஆம் நூற்றாண்டில் கீழைக் கங்க மன்னன் முதலாம் நரசிம்மதேவன் கட்டிய இக்கோயில், 24 சக்கரங்களும் 7 குதிரைகளும் கொண்ட தேராக அமைந்தது. மூலக் கோபுரம் விழுந்துவிட்டது. இன்று உயர்ந்து நிற்பது அதன் முன்மண்டபம். அதுவும் சரிந்துவிடாதிருக்க, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உள்ளே மணலை நிரப்பி வாயில்களை அடைத்தார்கள். ஆகவே வெளியிலிருந்தே காண இயலும்.

ஒரு தேதிப் பிழை

ஹொசப்பேட்டை நிலையத்திலிருந்து ஹம்பி 13 கிலோமீட்டர். 1565ஆம் ஆண்டுப் போருக்குப் பின் அழிந்த விஜயநகரத் தலைநகரம் துங்கபத்திரைக் கரையில் பரந்து கிடக்கிறது. விட்டலர் கோயில் வளாகத்தில் உள்ள கல்தேர் உண்மையில் கருடனுக்கான சந்நிதி. 50 ரூபாய் நோட்டைக் கையில் பிடித்து அதன் எதிரே ஒப்பிட்டுப் பார்த்தோம். அங்கு வருவோர் பலரும் அவ்வாறே செய்கிறார்கள்.

திரும்பும் வழியில், ரயில் மாற வேண்டிய ஒரு சந்திப்பில் எங்களுக்கு இடர் நேர்ந்தது. பயணச்சீட்டில் 14ஆம் தேதி, 00.15 மணி என்று இருந்தது. நாங்கள் 14ஆம் தேதி இரவு 11 மணிக்கு நிலையத்தை அடைந்தோம். எங்கள் ரயில் முந்தைய நள்ளிரவைக் கடந்து கால் மணி நேரத்தில் புறப்பட்டுப் போய்விட்டதைப் பயணச்சீட்டுப் பரிசோதகர் விளக்கினார். காசோலைத் தேதிகளைச் சரிபார்ப்பதே தொழிலாகக் கொண்டவர் பதிவு செய்த சீட்டு அது. கட்டணம் திரும்பக் கிடைக்கவில்லை. மறுநாள் பள்ளிக்கு ஒரு நாள் விடுப்பும் போயிற்று.

இரவு முழுவதும் காத்திருப்பு அறையில் பேசாமல் அமர்ந்திருந்தோம். காலையில் முன்பதிவில்லாப் பெட்டியில், முதுகுப்பைகளையே இருக்கையாக்கிக் கதவோரம் உட்கார்ந்து பயணம் செய்தோம். எதிரே இருந்த குடும்பத்தினர் ரொட்டியும் வெங்காயமும் பகிர்ந்தளித்தார்கள். அதற்குப் பின் பேச்சு தொடங்கியது. பிரிந்திருந்த ஆறு ஆண்டுகளில் ஒருவருக்கொருவர் சொல்லாமல் விட்ட நோய்கள், அச்சங்கள், மனத்தாங்கல்கள் யாவும் அந்த ஏழு மணி நேரத்தில் வெளிவந்தன. இழந்த கட்டணத்தைப் பற்றி அதன்பின் இருவரும் பேசவில்லை.

ராணி கி வாவ்

இறுதியாக அகமதாபாத்திலிருந்து மெஹ்சானா வழியே பாட்டன் சென்றோம். 11ஆம் நூற்றாண்டில் சோலங்கி மன்னன் முதலாம் பீமதேவனின் நினைவாக, அவன் மனைவி உதயமதி கட்டிய படிக்கிணறு இது. நிலத்துக்குக் கீழே ஏழு அடுக்குகள். சுவர்களில் திருமாலின் அவதாரங்கள். கோபுரமாக மேலே எழாமல் நீரை நோக்கிக் கீழே இறங்குவதால் தலைகீழான கோயில் என்று இதனைக் குறிப்பிடுகிறார்கள். சரஸ்வதி ஆற்றின் வெள்ளம் கொணர்ந்த வண்டலில் பல நூற்றாண்டுகள் புதைந்து கிடந்தது, அகழ்ந்து மீட்கப்பட்டு, 2014இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. கணவனை இழந்த பின் ஓர் அரசி எழுப்பிய அந்தப் படிகளில் நாங்கள் இருவரும் வெகுநேரம் அமர்ந்திருந்தோம். நினைவுச் சின்னம் எழுப்பும் வசதி நமக்கு இல்லை. உடன் பயணம் செய்யும் காலம் இன்னும் இருக்கிறது.

புறப்படும் முன்

எங்கள் அனுபவத்திலிருந்து வாடிக்கையாளர்களுக்குச் சில குறிப்புகள்:

ரயில் முன்பதிவு தற்போது பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன் தொடங்குகிறது. நள்ளிரவு 12 மணிக்குப் பின் புறப்படும் ரயிலாயின், சீட்டில் உள்ள தேதிக்கு முந்தைய நாள் இரவே நிலையத்தில் இருக்க வேண்டும்.

இணையவழிச் சீட்டு இறுதிப் பட்டியலிலும் காத்திருப்பு நிலையிலேயே இருந்தால் தானாக ரத்தாகும். சிறு பிடித்தம் போகப் பணம் கணக்குக்குத் திரும்பும். உறுதியான தட்கல் சீட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது.

பதிவின்போது கேட்கப்படும் பயணக் காப்பீட்டுக்குச் சம்மதம் தெரிவியுங்கள். ஆளுக்கு ஒரு ரூபாய்க்கும் குறைவான கட்டணமே. வாரிசுதாரர் விவரத்தையும் நிரப்புங்கள்.

ரொக்கத்தையும் அட்டைகளையும் இருவர் பைகளிலும் பிரித்து வையுங்கள். கோயில் ஊர்களில் கைபேசி சிக்னல் இல்லாதபோது யுபிஐ உதவாது. சிறு நோட்டுகள் உதவும். அட்டை தொலைந்தால் முடக்குவதற்கான வங்கி எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தான சீட்டின் பணத்தைத் திருப்பித் தருவதாகக் கூறி ஓடிபி, பின் எண் கேட்பவர்களுக்கு எதையும் சொல்லாதீர்கள். ரயில் தொடர்பான உதவிக்கு 139. பணம் பறிபோனால் உடனே 1930.

உங்கள் பணப்பையில் அந்த ஐந்து நோட்டுகளில் ஒன்றேனும் இப்போது இருக்கும். அதன் பின்பக்கத்தை இன்று மாலை வீட்டில் உள்ளவரிடம் காட்டிப் பேசுங்கள். ஓய்வுக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல், அடுத்த மாதமே முதல் தவணையைச் செலுத்துங்கள்.