குடியை விட்டு வந்தவருக்கு ஊரும் துணை நிற்க வேண்டும்



குழுக் கூட்டங்களில் நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "சிகிச்சைக்குக் கூட்டிட்டுப் போனோம், நல்லாத்தான் வந்தாரு. ரெண்டே மாசத்துல பழையபடி ஆயிட்டாரு." இது ஏன் நடக்கிறது? குழுவாக நாம் என்ன செய்யலாம்?

குடிக்கு அடிமையாவதை உலக சுகாதார நிறுவனம் ஒரு நோயாகவே வகைப்படுத்தியுள்ளது. சர்க்கரை நோயைப் போல இதற்கும் தொடர்ந்து கவனிப்பு வேண்டும். மருத்துவமனையில் உடம்பு தேறிவிடும். ஆனால் பழைய கூட்டாளி, பழைய கடை, பழைய கடன் எல்லாம் ஊரில் அப்படியே காத்திருக்கும். அதனால்தான் வீடு திரும்பிய முதல் சில மாதங்கள் ரொம்ப முக்கியம்.

இதை உணர்ந்துதான் 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, 1989 முதல் இன்றைய திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் கிராம முகாம்களை நடத்தியது. சிகிச்சை ஊருக்குள்ளேயே நடந்தது. ஊர் மக்களும் குடும்பத்தாரும் அதில் பங்கெடுத்தார்கள்.

குழுவாக நாம் செய்யக்கூடியவை:

1. "குடிகாரன்", "குடிகாரன் பொண்டாட்டி" என்ற பேச்சை நிறுத்துவோம். அவமானமும் மனிதரை மறுபடி கடைக்கே தள்ளும்.

2. அவருக்கு வேலை கிடைக்க உதவுவோம். நம் வீட்டு விசேஷங்களில் சாராய விருந்து வேண்டாம்.

3. மருத்துவர் சொன்ன தேதியில் மறுபரிசோதனைக்குப் போகச் சொல்வோம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குக் கட்டணம் இல்லை, பெயரும் வெளியே வராது. குடும்பத்தாருக்கு அல்-அனான் கூட்டங்கள் உண்டு.

4. மறுபடி குடித்துவிட்டால் "எல்லாம் போச்சு" என்று கைவிட வேண்டாம். உடனே சிகிச்சை மையத்துக்குத் தகவல் சொல்வோம்.

கவனம்! குடியை நிறுத்த என்று சொல்லி விற்கும் பொடியையோ மாத்திரையையோ அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்காதீர்கள். டைசல்ஃபிராம் என்ற மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் வாந்தி வரும், இரத்த அழுத்தம் இறங்கும், உயிரே போகலாம். மருத்துவர் மேற்பார்வையில், அவர் சம்மதத்தோடுதான் கொடுக்க வேண்டும். அதேபோல் தினமும் அதிகமாகக் குடித்தவரை வீட்டில் அடைத்துவைத்துத் திடீரென நிறுத்தவைப்பதும் ஆபத்து. கை நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம். அரசு மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். ஆலோசனைக்கு 14446 என்ற இலவச எண் உள்ளது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறோம். நோய் என்பதற்காக அடி, உதையைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நமக்கு இருக்கிறது. 181இல் அழைக்கலாம்.

ஊர் அளவிலும் பேசுவோம். 2003ஆம் ஆண்டு விதிகளின்படி கிராமப் பகுதியில் பள்ளி, வழிபாட்டுத் தலத்திலிருந்து 100 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் கிராம சபையில் கேளுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள்.

ஒருத்தி தனியாக நின்றால் "அவ வீட்டுப் பிரச்சினை" என்பார்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் அது ஊர்ப் பிரச்சினை. சிகிச்சை முடிந்து வந்தவர் வீட்டுக்கு வாரம் ஒருமுறை இரண்டு உறுப்பினர்கள் போய் வருவது என்று அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டில் எழுதுவோமா?