ரகசியச் சோதனையில் சிறார்: ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பது செல்லுமா? விடை தரும் கொல்கத்தா வழக்கு

கொல்கத்தா: இணைய விளையாட்டு ஒன்றின் விரிவாக்கப் பதிப்பு வெளியாவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே அதை விளையாடிப் பார்க்கும் வாய்ப்பு, தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்குக் கிடைக்கிறது. பார்த்ததை வெளியில் சொல்லக் கூடாது என்பதே அதற்கான நிபந்தனை. அதை ஏற்று ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்துபவர் 16 வயது மாணவர் என்றால், அந்த வாக்குறுதி அவரைக் கட்டுப்படுத்துமா? இந்தியாவில் இதற்கான விடை, கணினியே இல்லாத காலத்தில் கொல்கத்தாவில் எழுந்த ஒரு கடன் வழக்கில் இருக்கிறது.

அடைத்த கதவுக்குள் வெள்ளோட்டம்

புதிய வரைபடம், புதிய கதாபாத்திரங்கள், புதிய ஆயுதங்கள் ஆகியவற்றை ஏற்கெனவே உள்ள விளையாட்டுடன் இணைப்பதே விரிவாக்கம் எனப்படுகிறது. அலுவலகத்தில் உள்ள சில நூறு பேரைக் கொண்டு இதனை முழுமையாகச் சோதித்துவிட முடியாது. பல்வேறு கைபேசிகளிலும், பல்வேறு இணைய வேகங்களிலும், ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் விளையாடும்போதுதான் பிழைகள் வெளிப்படும். எனவே நிறுவனங்கள் வெளியாட்களின் உதவியை நாடுகின்றன. இதனைத் தமிழில் வெள்ளோட்டம் என்று அழைக்கலாம். ஆனால் தேர் வெள்ளோட்டத்தை ஊரே கூடி நின்று பார்க்கும். இதுவோ கதவை அடைத்துக்கொண்டு நடத்தப்படும் வெள்ளோட்டம்.

எல்லாச் சோதனைகளும் ரகசியமானவை அல்ல. கரீனா நிறுவனத்தின் ஃப்ரீ ஃபயர் விளையாட்டுக்கான ‘அட்வான்ஸ் சர்வர்’ இந்திய இளைஞர்கள் பலருக்கும் அறிமுகமான ஒன்று. பதிவு செய்தவர்களில் குறிப்பிட்ட எண்ணிக்கையினருக்கு மட்டும் அனுமதிக் குறியீடு வழங்கப்படும். பிழையைக் கண்டறிந்து தெரிவிப்போருக்கு விளையாட்டில் பயன்படும் வைரங்கள் பரிசாகக் கிடைக்கும். அங்கு காணப்படும் புதுமைகளை யூடியூபர்கள் வெளிப்படையாகவே காணொளிகளாக்குகின்றனர். (ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் தொடர்ந்து புழக்கத்தில் உள்ளது.)

இதற்கு நேர்மாறானது ஹோயோவெர்ஸ் நிறுவனத்தின் கென்ஷின் இம்பாக்ட். அதன் ஒவ்வொரு புதிய பதிப்பும் ரகசிய உடன்படிக்கையின் கீழ் சோதிக்கப்படுகிறது. சோதனைத் தகவல்களைக் கசியவிட்டவர்களின் விவரங்களை அளிக்குமாறு டிஸ்கார்டு நிறுவனத்துக்கு அமெரிக்க நீதிமன்றம் வழியாக அழைப்பாணை அனுப்பும் அளவுக்கு அந்நிறுவனம் சென்றது.

ரகசியம் ஏன்?

சோதனையில் உள்ள பொருள் முழுமை பெறாதது. இன்று காணப்படும் ஆயுதத்தின் வலிமை வெளியீட்டு நாளில் பாதியாகக் குறைக்கப்படலாம். அரைகுறைப் படைப்பைக் கண்டு விளையாட்டாளர்கள் முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்று நிறுவனங்கள் கருதுகின்றன. போட்டி நிறுவனங்கள் குறித்த அச்சமும் உண்டு. வெளிப்படையாகச் சொல்லப்படாத காரணம் விளம்பர அட்டவணை. எந்த அறிவிப்பு எந்த நாளில் வெளியாக வேண்டும் என்பது பல மாதங்களுக்கு முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கும். ஒரே ஒரு திரைப்பிடிப்பு அதனைக் குலைத்துவிடும்.

இவற்றைவிட முக்கியமானது, விளையாடுவோர் தரப்பிலிருந்து எழும் ஐயம். எந்தப் பொருளின் மதிப்பு அடுத்த பதிப்பில் உயரும் என்பதை முன்கூட்டியே அறிந்தவர், அதனை இன்றே வாங்கிக் குவித்துவிடலாம். பங்குச் சந்தையில் உள்தகவலைக் கொண்டு வணிகம் செய்வதற்கு ஒப்பான செயல் இது.

ஐஸ்லாந்தைச் சேர்ந்த சிசிபி கேம்ஸ் நிறுவனத்தின் ஈவ் ஆன்லைன் விளையாட்டில் இந்த ஐயம் இருமுறை வெடித்தது. நிறுவன ஊழியர் ஒருவர், தாம் சார்ந்த குழுவுக்கு அரிய வடிவமைப்பு உரிமங்களை முறைகேடாகப் பெற்றுத் தந்தது 2007-இல் அம்பலமானது. இழந்த நம்பிக்கையை மீட்க, விளையாட்டாளர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆலோசனைக் குழு ஒன்றை நிறுவனம் 2008-இல் ஏற்படுத்தியது. அதன் உறுப்பினர்கள் ரகசிய உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, வரவிருக்கும் மாற்றங்களை முன்கூட்டியே அறிந்து கருத்துரைப்பர்.

2019 ஏப்ரலில், ‘பிரிஸ்க் ரூபல்’ என்ற பெயரில் விளையாடிய உறுப்பினர், ரகசியத் தகவலைத் தம் கூட்டணியினரிடம் பகிர்ந்ததாகக் கூறப்பட்டுக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். அவர் அதனைத் திட்டவட்டமாக மறுத்தார். சில வாரங்களில் மறு விசாரணை நடத்திய நிறுவனம், குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. உடன்படிக்கையை எழுதுவதும், மீறப்பட்டதா என விசாரிப்பதும், தண்டனை விதிப்பதும் ஒரே நிறுவனம் என்ற நிலையில், அவர் மறுத்துப் போராடாமல் இருந்திருந்தால் உண்மை வெளிவந்திருக்குமா என்பது ஐயமே.

கையெழுத்தே இல்லாத ரகசியமும் உண்டு. வால்வ் நிறுவனத்தின் டெட்லாக் விளையாட்டு, 2024-இல் நண்பர்களின் அழைப்பு வழியாக மட்டும் பரவியது. தகவல்களைப் பகிர வேண்டாம் என்ற கோரிக்கை திரையில் தோன்றியதே தவிர, உடன்படிக்கை ஏதும் இல்லை. ‘தி வெர்ஜ்’ இதழின் செய்தியாளர் ஒருவர் அக்கோரிக்கையை ஏற்காமல் திரையை மூடிவிட்டு விளையாடி, அதுகுறித்து ஆகஸ்டில் எழுதினார். பிற விளையாட்டாளர்களுடன் இணைந்து விளையாடுவதிலிருந்து அவர் தடுக்கப்பட்டார். அதே மாதத்திலேயே வால்வ் ரகசியத்தைத் தானாகவே விலக்கிக்கொண்டது.

கொல்கத்தா வழக்கு

1895-இல், உரிய வயது நிரம்பாத தர்மதாஸ் கோஷ் என்பவர், கொல்கத்தாவில் வட்டித்தொழில் நடத்திய பிரம்ம தத்தரிடம் தம் சொத்துகளை 20,000 ரூபாய்க்கு அடமானம் வைத்தார். அவர் வயது நிரம்பாதவர் என்பது, கடன் கொடுத்தவர் சார்பில் செயல்பட்டவருக்குத் தெரிந்தே இருந்தது. பின்னர், தாம் சிறார் என்பதால் அடமானம் செல்லாது என்று கோஷ் தரப்பு வழக்குத் தொடுத்தது. கொல்கத்தா உயர் நீதிமன்றத்தைக் கடந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற இவ்வழக்கில், 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி சிறார் செய்யும் ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது என 1903-இல் தீர்ப்பளிக்கப்பட்டது. மோகரி பீபி வழக்கு என அறியப்படும் இத்தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கின்றனர்.

இதன்படி, 18 வயது நிரம்பாதவர் பொத்தானை அழுத்தி ஏற்ற ரகசிய உடன்படிக்கையை மீறியதாக இந்திய நீதிமன்றத்தில் அவரிடம் இழப்பீடு கோருவது கடினம். எனினும், விளையாட்டின் காட்சிகளும் இசையும் காப்புரிமைக்கு உட்பட்டவை; அந்தப் பாதுகாப்புக்கு ஒப்பந்தம் தேவையில்லை. கணக்கை முடக்கவும் நிறுவனம் நீதிமன்றப் படியேறத் தேவையில்லை. ஆண்டுக்கணக்கில் விளையாடிச் சேர்த்தவையும் பணம் கொடுத்து வாங்கியவையும் ஒரே நாளில் கைவிட்டுப் போகலாம். சிறாருக்கு உண்மையான இழப்பு அங்கேதான் நேர்கிறது.

வயது வந்தவர்களைப் பொறுத்தவரை உடன்படிக்கை செல்லும். வணிக ரகசியங்களுக்கெனத் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. ஒப்பந்தச் சட்டத்தையும் நம்பிக்கை மீறல் குறித்த நீதிமன்றத் தீர்ப்புகளையும் கொண்டே வழக்குகள் நடத்தப்படுகின்றன. தனிச் சட்டம் தேவை என 22-ஆவது சட்ட ஆணையம் 2024 மார்ச் மாதம் தனது 289-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது.

கண்காணிப்பும் பெற்றோரும்

ரகசியம் காக்குமாறு விளையாட்டாளரிடம் கேட்கும் நிறுவனம், அவரைப் பற்றி எவ்வளவு அறிந்துகொள்கிறது என்பது அதிகம் பேசப்படுவதில்லை. எங்கே தடுமாறினார், எந்த நொடியில் வெளியேறினார், எந்தக் கைபேசியில் விளையாடினார் என்பதையெல்லாம் பதிவு செய்யாமல் சோதனை நடத்த இயலாது.

2023-ஆம் ஆண்டு எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. சிறாரின் நடத்தையைக் கண்காணிப்பதையும் பொதுவாகத் தடை செய்கிறது. சோதனை என்பதே நடத்தைக் கண்காணிப்பு என்னும் நிலையில், சிறாரைச் சோதனையாளர்களாகச் சேர்ப்பது நிறுவனங்களுக்குச் சிக்கலாக மாறக்கூடும். இச்சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பெற்றோர் ஒப்புதல் தொடர்பான கடமைகள், அறிவிப்பிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வரவுள்ளன.

அதுவரை, பிறந்த ஆண்டைக் கேட்கும் கட்டத்தில் சிறுவன் எந்த எண்ணை இடுகிறானோ அதுவே பல இடங்களில் அவனது வயதாகக் கொள்ளப்படும்.