சிறுநீரில் இரத்தம்: ஒரு தடவை என்றாலும்

சிறுநீர்ப்பைக்குள் விளக்கு விட்டுப் பார்க்கும் தனது கருவியை மக்ஸ் நிட்சே என்ற வைத்தியர் 1877இல், இறந்த உடலொன்றில், முதலில் செய்துகாட்டியது எங்கள் டிரெஸ்டனில்தான். மின்சாரத்தில் பழுத்த பிளாட்டினக் கம்பியே விளக்கு. சுடாமலிருக்கக் குழாயில் தண்ணீர் ஓடியது. இன்று மரக்கச்செய்யும் ஜெல் பூசி, மெல்லிய குழாயால் சில நிமிடங்களில் பார்த்துவிடுகிறார்கள்.

ஆனாலும் நாம் போவதில்லை. கூச்சம்! சிறுநீர் சிவந்தால் பீற்றூட் என்கிறோம். உடற்சூடு என்று பார்லி குடிக்கிறோம். வலியில்லாமல் ஒரேயொரு தடவை இரத்தம் போய் நின்றாலும் அது சிறுநீர்ப்பைப் புற்றுநோயாக இருக்கலாம். புகைப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். ஆழமாக ஊடுருவுமுன் கண்டால், பெரும்பாலும் வயிற்றைக் கீறாமல் சிறுநீர்வழியாலேயே அகற்றலாம். பெண்களில் இது வெறும் சலக்கடுப்பென்று அன்டிபயோட்டிக்கோடு தள்ளிப்போவதுமுண்டு.

கைக்குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சலென்றால் சிறுநீரையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஆண் குழந்தையின் விதை கீழிறங்காவிட்டால் ஒரு வயதுக்குள் சிகிச்சை முடியவேண்டும். அப்பா இரவில் நாலு தரம் எழும்புவதை வயதென்று விடவேண்டாம். புரொஸ்டேட் வீக்கமென்றால் மருந்துண்டு.

இன்னொன்று: மொழிபெயர்க்க மகளைக் கூட்டிப்போனால் அப்பா வாய் திறக்கமாட்டார். நண்பர் ஒருவரை அனுப்புங்கள்.