திருமலைப் பாதையில் ஏறிய ஹெரால்டு: வளைவுகளில் அந்தக் கார் அஞ்சவைத்தது ஏன்?

திருப்பதி: அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் வாகனங்கள் இன்று ஒரு பாதையில் ஏறி மற்றொரு பாதையில் இறங்குகின்றன. 1974-ஆம் ஆண்டில் இரண்டாவது மலைப்பாதை வருவதற்கு முன் இந்த வசதி இல்லை. 1944-ல் திறக்கப்பட்ட முதல் பாதையே ஏறுவதற்கும் இறங்குவதற்கும் பயன்பட்டது. சுமார் 19 கிலோமீட்டர் தொலைவுக்குள் ஏறத்தாழ 700 மீட்டர் உயரம் ஏற வேண்டும். வழியில் 30-க்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள்.

1960-களில் சொந்தக் காரில் இந்த மலையேறிய குடும்பங்களிடம் பெரும்பாலும் மூன்று கார்களில் ஒன்றுதான் இருந்தது. அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அம்பாசடரைப் பற்றிப் பேசும் பழைய காரோட்டிகள் அதன் உழைப்பைச் சொல்வார்கள். ஃபியட்டைப் பற்றிப் பேசினால் அதன் சிக்கனம் வரும். ஹெரால்டு என்று தொடங்கினால் பேச்சு விரைவில் வளைவுகளுக்கு வந்துவிடும். அந்தக் காரைக் கொண்டாடுவோரும் குறை சொல்வோரும் சுட்டுவது அதன் பின்சக்கரங்களையே என்பதுதான் விந்தை.

வண்டலூரில் உருவான பிரிட்டிஷ் கார்

பிரிட்டனின் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம் 1959 ஏப்ரலில் டிரையம்ப் ஹெரால்டை அறிமுகப்படுத்தியது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவன்னி மிச்செலோட்டி அதன் உருவத்தை வரைந்தார். மற்ற நிறுவனங்கள் உடலையும் அடிச்சட்டத்தையும் ஒன்றாக இணைத்துக் கார் செய்யத் தொடங்கிவிட்ட காலம் அது. ஹெரால்டோ தனிச் சேசிஸின் மீது துண்டு துண்டான உடற்பகுதிகளை போல்ட்டால் முடுக்கிய காராக வந்தது. இதற்குக் காரணம் தொழில்நுட்பப் பற்று அன்று, நெருக்கடி. ஸ்டாண்டர்டுக்கு உடற்பகுதிகளைச் செய்துகொடுத்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை 1953-ல் போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் செய்து வாங்க வழியில்லாமல் போகவே, பல ஆலைகளில் பகுதி பகுதியாகச் செய்து கோக்கும் முறை தேர்ந்தெடுக்கப்பட்டது.

அந்த நெருக்கடி சென்னைக்கு வாய்ப்பாக அமைந்தது. பகுதிகளாகப் பிரித்து அனுப்பி வேறு நாட்டில் கோக்க இத்தகைய கார் எளிது. வண்டலூர் அருகே இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா ஆலையில் 1961 முதல் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ உருவாகத் தொடங்கியது. ஆண்டுகள் செல்லச் செல்ல உள்நாட்டு உதிரிபாகங்களின் பங்கு கூடியது. பிரிட்டனில் ஸ்டாண்டர்டு என்ற பெயர் சில ஆண்டுகளில் கார்களிலிருந்து மறைந்த பிறகும் சென்னையில் அது நீடித்தது.

அதே சேசிஸில் பிரிட்டனில் வேறொரு கதை நடந்தது. 1962-ல் ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி ‘வைட்டெஸ்’ என்ற காரை டிரையம்ப் வெளியிட்டது. நால்வர் அமரும் குடும்பக் காரின் உடலில் வேகக் காரின் ஆற்றலைச் சேர்ப்பதே ஸ்போர்ட்ஸ் சலூன் எனப்படும் வகை. 1,596 சிசி எஞ்சினுடன் வந்த வைட்டெஸ், 1966-ல் இரண்டு லிட்டர் எஞ்சினைப் பெற்றது. இருவர் அமரும் ஸ்பிட்ஃபயரும் இதே குடும்பம்தான். இந்தியர்களுக்குக் கிடைத்தது 948 சிசி எஞ்சின் மட்டுமே. பிரிட்டனில் ஹெரால்டின் எஞ்சின் மேலும் மேலும் பெரிதானபோதும் இங்கு அது மாறவில்லை. ஆற்றல் குறைவு என்றாலும் காரின் உடலமைப்பும் சக்கரங்களின் இயக்கமும் அந்த வேகக் கார்களுக்கு உரியவையே. சென்னைக்கு வடக்கே, சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகள் ஓடியது தற்செயல் அன்று.

ஏற்றத்தில் ஒரு சோதனை

கொண்டை ஊசி வளைவுகளில் ஹெரால்டுக்கு இருந்த பெரும் வசதி அதன் திருப்பு வட்டம். 25 அடி, அதாவது சுமார் 7.6 மீட்டர் விட்டத்துக்குள் அது வட்டமடித்துவிடும். லண்டன் வாடகைக் கார்களுக்கு விதிக்கப்பட்ட அளவும் அதுவே. எதிரே பேருந்து வரக்கூடிய ஒற்றைப் பாதையில் இது சிறிய சலுகை அன்று.

எஞ்சின் நிலை வேறு. ஐந்து பேரும் மூட்டைகளும் ஏறிய காரை 35 குதிரைத்திறனை ஒட்டிய ஆற்றல் மேலே இழுக்க வேண்டும். இரண்டாவது கியரில் மூச்சு வாங்கும்போது முதல் கியருக்கு இறங்கவேண்டும். ஆனால் அந்தக் கியருக்கு சின்க்ரோமெஷ் கிடையாது. ‘டபுள் கிளட்ச்’ போடத் தெரியாதவர் வளைவின் நடுவே காரை நிறுத்தித்தான் கியரை மாற்ற முடியும். ரேடியேட்டர் கொதித்தால் பானட்டைத் திறக்க வேண்டும். அது ஒரு காட்சி. பானட்டோடு முன்பக்கத்து இரு மட்கார்டுகளும் சேர்ந்து முன்னோக்கிச் சாய, எஞ்சினும் முன்சக்கரங்களும் முழுமையாக வெளியே தெரியும். முன்சக்கரத்தின் மீதே அமர்ந்து வேலை பார்க்கலாம் என்பதால் மெக்கானிக்குகளுக்கு அது மிகவும் பிடித்த வசதி. தொடக்ககால ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள். முன் இருக்கையை மடக்கி, வயதானவர்களைப் பின்னிருக்கைக்கு ஏற்றி இறக்கிய சிரமத்தையும் பலர் மறக்கவில்லை. நான்கு கதவு ஹெரால்டு 1960-களின் பிற்பகுதியில் வந்தது. அது இந்தியாவுக்கு மட்டுமே உரிய வடிவம்.

இறக்கத்தில் ஓர் ஆபத்து

அம்பாசடரில் இரு பின்சக்கரங்களையும் ஒரே திடமான அச்சு இணைக்கிறது. ஹெரால்டில் டிஃபரன்ஷியல் சேசிஸுடன் பிணைக்கப்பட்டிருக்கும். அதன் இருபுறமும் அரை அச்சுகள் பறவையின் சிறகுகள்போல் மேலும் கீழும் தனித்தனியே அசையும். குறுக்காக வைத்த ஒற்றை லீஃப் ஸ்பிரிங் அவற்றைத் தாங்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் மற்றது அசையாது என்பதால் பயணம் சொகுசாக இருக்கும். ‘ஸ்விங் ஆக்சில்’ என்பது இதன் பெயர்.

சிக்கல் என்னவென்றால், அரை அச்சு அசையும்போது சக்கரமும் அதனுடன் சாய்கிறது. வேகமாக வளைவில் நுழைந்த ஓட்டுநர் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டெனக் காலை எடுத்தால், அல்லது பிரேக்கை அழுத்தினால், எடை முன்பக்கம் பாய்ந்து காரின் பின்புறம் எழும்பும். அப்போது வளைவின் வெளிப்புறச் சக்கரம் காருக்கு அடியில் மடங்குவதுபோல் சாயும்; டயரின் பிடி தளரும்; வால்பகுதி வெளியே வீசப்படும். அச்சம் வந்தால் காலை எடுப்பது மனித இயல்பு. அந்த இயல்பே இங்கு எதிரியாகிவிடுகிறது. திருமலையின் இறக்கத்திலும், சித்தூரிலிருந்து பலமநேர் செல்லும் சாலையில் மொகிலி மலைச்சரிவிலும் இதற்கு வாய்ப்பு அதிகம்.

இன்னொரு செய்தி வியப்பளிக்கும். ஆள் நிறைந்த ஹெரால்டைவிட, ஓட்டுநர் மட்டும் அமர்ந்த ஹெரால்டே வளைவில் அபாயமானது. பாரம் ஏறினால் பின்புறம் தாழ்ந்து சக்கரங்களின் மேல்விளிம்பு உள்நோக்கிச் சாயும். அந்த நிலையில் அவை எளிதில் மடங்கா. ஆனால் அதற்கும் விலை உண்டு. எப்போதும் பாரத்துடன் ஓடிய கார்களில் ஸ்பிரிங் தொய்ந்து, டயர்களின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்தது. இந்தியச் சாலைகளில் இந்த அமைப்பு வாடிக்கையாளர்களையும் மெக்கானிக்குகளையும் கவராமல் போனதற்கு இதுவும் காரணம்.

ஒரே குறைக்கு மூன்று தீர்வுகள் வந்தன. 1968-ல் வைட்டெஸின் இரண்டாம் பதிப்பில் கீழ்ப்புறம் ‘விஷ்போன்’ எனப்படும் தாங்குகரங்களைச் சேர்த்துச் சக்கரச் சாய்வைக் கட்டுப்படுத்தினார்கள். 1970-ல் வந்த நான்காம் பதிப்பு ஸ்பிட்ஃபயரில் ஸ்பிரிங்கின் அமைப்பை மட்டும் மாற்றினார்கள். முதலாவது செலவு மிக்கது, இரண்டாவது மலிவானது. சென்னை ஆலை இரண்டையும் பின்பற்றவில்லை. 1972-ல் அது வெளியிட்ட ‘ஸ்டாண்டர்டு கெசல்’ காரில் ஸ்விங் ஆக்சிலையே நீக்கிவிட்டுத் திட அச்சைப் பொருத்தியது. பின்னோக்கிய நகர்வுபோல் தோன்றும் அந்த முடிவு, இங்குள்ள சாலைக்கும் பட்டறைக்கும் ஏற்றதாகவே இருந்தது. கெசல் குறைந்த எண்ணிக்கையில் உருவாகி 1977-ல் நின்றுபோனது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 காருடன் மீண்டும் முயன்ற நிறுவனம், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கார் உற்பத்தியைக் கைவிட்டது.

இப்போது எழும் கேள்வி

எஞ்சியுள்ள ஹெரால்டுகள் அனைத்தும் இன்று 50 வயதைக் கடந்துவிட்டன. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத கார்களைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்கு ரூ.20,000, மறுபதிவுக்கு ரூ.5,000 கட்டணம். பதிவு 10 ஆண்டு செல்லும். பதிவு எண்ணில் மாநிலக் குறியீட்டுக்கு அடுத்து ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் இடம்பெறும்.

நிபந்தனைகள் இரண்டு. சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. எனவே சேசிஸை வெட்டித் திட அச்சு பொருத்திய ஹெரால்டு, ஓட்டுவதற்குப் பாதுகாப்பானதாக இருந்தாலும் இந்தத் தகுதியை இழக்கக்கூடும். அடுத்தது, பழம்பெரும் வாகனத்தை அன்றாடப் பயணத்துக்குப் பயன்படுத்த முடியாது. கண்காட்சி, பழைய கார் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். குடும்பத்தோடு மலையேறித் தரிசனம் செய்துவருவது அந்தப் பட்டியலில் இல்லை.

அந்தப் பயணத்தைத் தொடர விரும்புவோர், தகுதிச் சான்று பெற்றுச் சாதாரணப் பதிவையே புதுப்பிக்க வேண்டும். மலைப்பாதையில் பழைய வாகனங்களுக்குத் தேவஸ்தானம் அனுமதி தருகிறதா என்பதையும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். 1944-ல் திறந்த பழைய பாதைதான் இன்று இறங்குவதற்கான பாதை. ஹெரால்டில் வருபவர் அதன் ஒவ்வொரு வளைவுக்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை மாற்றி, வளைவுக்குள் ஆக்சிலரேட்டரை இலேசாக மிதித்தபடியே திரும்ப வேண்டியிருக்கும்.