மூழ்கிய கப்பலும் அங்கத்தினர் பதிவேடும்

கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் இன்று கப்பலேறிப் பல நாடுகளுக்குச் செல்கிறது. விளைபொருளும் துணியும் கடல் கடந்து செல்வது நம் நாட்டிற்குப் புதிதன்று. ஆயின், அவற்றைச் சுமந்து சென்ற தொழிலாளரைப் பற்றி நாம் அறிந்தது சொற்பமே. அத்தகையோர் வரலாறு ஒன்றை அங்கத்தினர்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

1796 நவம்பரில் ‘சிட்னி கோவ்’ என்னும் சிறு வணிகக் கப்பல் கல்கத்தாவிலிருந்து ஆஸ்திரேலியாவின் சிட்னிக் குடியேற்றத்திற்குப் புறப்பட்டது. காம்பெல் அண்டு கிளார்க் கம்பெனியார் அதில் அரிசி, தேயிலை, புகையிலை, துணி, ரம் முதலியவற்றை ஏற்றியிருந்தனர். மாலுமிகளிற் பெரும்பாலோர் லஸ்கர்கள் எனப்பட்ட இந்தியர். நடுவழியிலேயே கப்பலில் நீர் கசியத் தொடங்கிற்று. தென்கடற் குளிரில் இரவு பகலாக நீரிறைத்த லஸ்கர்களிற் சிலர் மாண்டனர். 1797 பிப்ரவரியில், டாஸ்மேனியாவுக்கு வடகிழக்கேயுள்ள ஒரு தீவில் கப்பலைத் தரைதட்டச் செய்தனர்.

உதவி தேடி 17 பேர் படகேறினர். அவர்களில் 12 பேர் லஸ்கர்கள். அப்படகும் பெருநிலக் கரையில் உடைந்தது. பின்னர் 600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரத்தை நடந்தே கடக்க முற்பட்டனர். வழியில் பூர்வகுடியினருக்குத் துணித்துண்டுகளை அளித்தனர்; அவர்களிற் பலர் உணவு தந்து, ஆறுகளையும் கடத்திவிட்டனர். மே மாதம் உயிருடன் மீட்கப்பட்டோர் மூவரே. அவர்களுள் ஒருவர் லஸ்கர். தீவிலிருந்தோரை மீட்கச் சென்ற ‘எலிசா’ என்னும் சிறு கலமும் திரும்பும் வழியில் காணாமற் போயிற்று. அதில் வந்த லஸ்கர்களும் மீளவில்லை.

கரையேற்றிய ரம்மை மாலுமிகள் குடித்துவிடாதபடி அருகிலிருந்த குட்டித் தீவில் தனியே வைத்தனர். ‘ரம் தீவு’ என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. கப்பலின் சிதைவும் 1977இல் கண்டெடுக்கப்பட்டது. ஆனால் மாண்ட லஸ்கர்களிற் பெரும்பாலோரின் பெயரை வரலாற்று நூல்களிற் காண்பது அரிது. சரக்குக்குக் கணக்கிருந்தது, சுமந்தவனுக்கு இல்லை.

கூட்டுறவு இம்முறையை மாற்றவே தோன்றியது. நம் சங்கத்தில் தறியில் அமர்பவரும் நிலத்தை உழுபவரும் பெயரோடு பதிவேட்டில் நிற்கின்றனர். எனினும், ஆய்வுக்குச் செல்லும் சங்கங்கள் சிலவற்றில் நியமனதாரர் பகுதி வெறுமையாகக் கிடப்பதைக் காண்கிறோம். அங்கத்தினர் காலமானபின், அவருடைய பங்குத் தொகையைப் பெறக் குடும்பத்தார் அலைய நேர்கிறது. ஓசூர் ஆலைக்கோ, எல்லை கடந்து கர்நாடகத்திற்கோ பிழைக்கச் செல்வோர் இதனைத் தள்ளிப்போடலாகாது. ஆதலின், அங்கத்தினர் ஒவ்வொருவரும் இம்மாதமே காரியதரிசியை அணுகி, நியமனதாரர் பெயரைப் பதிவுசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.