கையெழுத்திட்டாலும் கைவிட்டுப் போகாத பங்கு: கானாக் கலைஞர்களும் பதிப்புரிமைச் சட்டமும்

சில மாதங்களுக்கு முன் வடசென்னையைச் சேர்ந்த இளம் கானாப் பாடகர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். அவர் கையில் முத்திரைத்தாளில் தட்டச்சு செய்யப்பட்ட ஒரு பக்க ஒப்பந்தம் இருந்தது. விபத்தில் இறந்த நண்பனின் சாவு வீட்டில் அவர் எழுதிப் பாடிய பாட்டு அது. அதைக் கேள்விப்பட்ட ஒரு ஒலிப்பதிவு நிறுவனம் ஐயாயிரம் ரூபாய் கொடுத்து, பாடலைப் பதிவு செய்து, ஒப்பந்தத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டது. பாடல் பரவியது. திருமண வீடுகளிலும் ஆட்டோக்களிலும் ஒலித்தது. ஓராண்டு கழித்து அதே பாட்டைத் தன் கைப்பேசியில் புதிதாகப் பாடித் தன் பக்கத்தில் ஏற்றினார். இப்பாடல் வேறொருவருக்குச் சொந்தமானது என்ற அறிவிப்பு சில நிமிடங்களில் வந்தது.

"என் கூட்டாளிக்காக நான் எழுதன பாட்டு சார் இது. என் போனே என்னைத் திருடன்னு சொல்லுது" என்றார்.

அவருடைய கேள்விக்கான பதில் அவர் ஒருவருக்கு மட்டும் தேவையானதன்று. கைப்பேசியும் இணையமும் ஒடுக்கப்பட்ட மக்களின் இசைக்குப் புதிய வாசலைத் திறந்துவிட்டன என்று நாம் மகிழ்கிறோம். அந்த மகிழ்ச்சியில் உண்மை உண்டு. சபாக்களின் அனுமதியோ வானொலி நிலையத்தின் தேர்வோ இன்று ஒரு பாடகருக்குத் தேவையில்லை. ஆனால் பாட்டு பரவுவதும், அதன் பலன் பாடியவரைச் சேர்வதும் ஒன்றல்ல. முதலாவதைத் தொழில்நுட்பம் செய்துவிட்டது. இரண்டாவது, சட்டத்தை அறிந்தவர்களுக்கே இன்றுவரை வாய்க்கிறது.

எழுதப்படாத இசைக்கு இடமில்லாத சட்டம்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. அதன் தொடக்ககால வரையறையின்படி 'இசைப் படைப்பு' என்பது அச்சிடப்பட்டதாகவோ, எழுத்தில் பதியப்பட்டதாகவோ, வேறு வகையில் குறியீடாக வரையப்பட்டதாகவோ இருக்க வேண்டும். அதாவது, மெட்டைத் தாளில் குறிப்பவருக்கே அதன்மீது உரிமை. எழுத்தும் ஏடும் யாருக்கு மறுக்கப்பட்டிருந்தன என்பதை எண்ணிப் பார்த்தால் இந்த வரையறையின் பொருள் விளங்கும். பறையின் அடவுகளை, ஒப்பாரியின் ராகத்தை, கானாவின் தாளத்தை யாரும் தாளில் குறித்து வைத்துப் பாடவில்லை. செவிவழி வந்த இசை சட்டத்தின் கண்ணுக்கு இசையாகவே தெரியவில்லை. சட்டத்தை வரைந்தவர்கள் நம்மை மனத்தில் வைத்து இதைச் செய்தார்கள் என்று நான் கூறவில்லை. நம்மை மனத்தில் வைக்கவே இல்லை என்பதுதான் சிக்கல்.

1977இல் உச்சநீதிமன்றம் மற்றொரு கதவையும் அடைத்தது. திரைப்படத் தயாரிப்பாளர் பணம் கொடுத்துப் பாடலை உருவாக்கச் செய்தால், மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில், தயாரிப்பாளரே அதன் முதல் உரிமையாளர் என்று அது தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில் நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர், பாடுபவருக்குச் சட்டத்தில் எந்த உரிமையும் இல்லாதிருப்பது குறித்துத் தம் வருத்தத்தைத் தனியே பதிவு செய்தார்.

1994ஆம் ஆண்டுத் திருத்தம் 1995இல் நடைமுறைக்கு வந்த பின்னரே, தாளில் எழுதியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை நீங்கியது. பாடகர், இசைக்கருவி வாசிப்பவர் முதலானோருக்கு 'நிகழ்த்துநர் உரிமை' என்ற ஒன்று கிடைத்ததும் அப்போதுதான். அதற்கு முன்பு ஒலிநாடாவில் பாடிப் புகழ்பெற்ற கானாப் பாடகர், தன் குரல் எத்தனை ஆயிரம் நாடாக்களில் விற்றாலும், குரலுக்குரிய உரிமை என்று எதையும் கோர முடியாதவராகவே இருந்தார்.

2012 திருத்தம் தந்த பாதுகாப்பு

2012 ஜூன் 21 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் நம் கலைஞர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் உரிமையை வேறொருவருக்கு எழுதிக் கொடுக்கலாம். ஆனால் அப்பாடல் பயன்படுத்தப்படும்போது கிடைக்கும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்க முடியாது. சட்டப்படியான வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே அதை மாற்ற முடியும். இதற்கு மாறாக எழுதப்பட்ட ஒப்பந்தம் செல்லாது. திரைப்படப் பாடல்களைப் பொறுத்தவரை, திரையரங்கில் படத்தோடு சேர்ந்து ஒலிப்பதற்கு மட்டும் இந்தப் பங்கு கிடையாது. திரைப்படம் சாராத தனிப்பாடல்களுக்கு அந்த விலக்கும் இல்லை.

தொழிலாளர் சட்டத்தோடு இதை ஒப்பிடலாம். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்யச் சம்மதம் என்று ஒரு தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் அந்தச் சம்மதத்தைச் சட்டம் ஏற்காது. வறுமையில் இருப்பவரின் கையெழுத்து முழுச் சம்மதம் ஆகாது என்ற அறிதலே இரண்டுக்கும் அடிப்படை.

ஒப்பந்தம் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சட்டத்தின் 19ஆம் பிரிவு வரையறுக்கிறது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்பவை குறிப்பிடப்பட வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்தாண்டு மட்டுமே. நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டுமே. ஒப்பந்தம் செய்த காலத்தில் இல்லாத ஊடகத்துக்கு, அது பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருந்தாலன்றி, அந்த ஒப்பந்தம் செல்லுபடியாகாது.

என்னிடம் வந்த இளைஞரின் ஒப்பந்தத்தில் 'முழு உரிமையையும் விற்றுவிட்டேன்' என்ற ஒரே வரிதான் இருந்தது. காலம் இல்லை, எல்லை இல்லை, ராயல்டி பற்றி ஒரு சொல் இல்லை. ஆகவே, அந்த நிறுவனத்துக்குக் கிடைத்தது அதிகம் போனால் இந்தியாவுக்குள் ஐந்தாண்டு உரிமை. அந்த ஐந்தாண்டுக்குள் அவர் பாட்டைத் தனியே ஏற்றுவதை நிறுவனம் எதிர்க்கலாம் என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொன்னேன். ஆனால் பாட்டை எழுதி மெட்டமைத்தவர் என்ற முறையில் ராயல்டியில் சமபங்கு அவருக்கு உண்டு. அந்த ஐயாயிரத்தால் அதை விலைக்கு வாங்கிவிட முடியாது. நாங்கள் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினோம். இத்தனை நாளும் தொலைபேசியை எடுக்காத நிறுவனம் இப்போது பேச வந்திருக்கிறது. கணக்கு இன்னும் கைக்கு வரவில்லை.

பெயரும் ஓர் உரிமையே

பணத்தோடு இது முடிவதில்லை. உரிமையை எழுதிக் கொடுத்த பின்னரும் 'இது என் படைப்பு' என்று கோரும் உரிமை படைத்தவரிடமே இருக்கும் என்கிறது 57ஆம் பிரிவு. பாடியவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்று கோரும் உரிமையை 38-பி பிரிவு நிகழ்த்துநருக்கும் தருகிறது.

இது எவ்வளவு முக்கியமானது என்பதை 2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' நமக்குக் காட்டியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டியின் வாழ்விலிருந்து தெருக்குரல் அறிவு அப்பாடலை எழுதினார். அது உலகெங்கும் ஒலித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அவர் இடம்பெறாததை இயக்குநர் பா. இரஞ்சித் பொதுவெளியில் கேள்விக்கு உட்படுத்தினார். 2022 ஜூலையில் சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அப்பாடல் அறிவு இல்லாமலேயே ஒலித்தது. அதன்பின் பாடலை யார் எழுதினார், யார் மெட்டமைத்தார் என்பது குறித்து அறிவும், பாடகி தீயும், சந்தோஷ் நாராயணனும் தத்தம் தரப்பைப் பொதுவெளியில் கூறினர். பாடல் வெளியாகி மூன்றாண்டுகள் கழிந்த பின்னும் அதன் வருவாய் தங்களுக்கு வந்து சேரவில்லை என்று 2024இல் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார்.

யார் தரப்பு சரி என்று தீர்ப்பு எழுதுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இத்தனை புகழ்பெற்ற கலைஞர்களிடையே, இத்தனை பேர் பார்த்த பாடலிலேயே பங்கும் பெயரும் இவ்வளவு குழப்பத்துக்கு உள்ளாகும் என்றால், வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் பாடும் பெயர் தெரியாத இளைஞரின் நிலை என்ன என்பதே என் கேள்வி.

இயந்திரம் யாரை நம்புகிறது?

பெரிய காணொளித் தளங்கள் ஒவ்வொரு பாடலுக்கும் ஓர் ஒலிரேகையை உருவாக்கி வைத்திருக்கின்றன. புதிதாக ஏற்றப்படும் ஒவ்வொன்றையும் கணினி அந்த ரேகையோடு ஒப்பிடுகிறது. பொருந்தினால், முன்பே பதிந்து வைத்தவர் விரும்பியபடி காணொளி முடக்கப்படும், அல்லது அதன் விளம்பர வருவாய் அவருக்குத் திருப்பிவிடப்படும். இந்த ஒலிரேகைக் கருவியை நேரடியாகக் கையாளும் வசதி பெரும்பாலும் பெருநிறுவனங்களுக்கே தரப்படுகிறது. தனிப்பாடகர் படிவம் நிரப்பி மேல்முறையீடு செய்ய வேண்டியவராகவே இருக்கிறார்.

கணினிக்குச் சாதி தெரியாது என்று சிலர் வாதிடுவார்கள். அதற்குத் தெரிய வேண்டிய தேவையில்லை. ஆவணம் யாரிடம் இருக்கிறதோ அவரையே அது நம்புகிறது. பட்டா இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நிலத்தில் உழைத்தவர்களின் கதை வேறு வடிவத்தில் இங்கே திரும்பி வருகிறது.

மரபுக்கு உரிமையாளர் யார்?

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்றும் உண்டு. பதிப்புரிமை தனிமனிதரின் புதிய படைப்பைக் காக்கிறது. அவர் வாழ்நாளும் அதற்குப்பின் அறுபது ஆண்டுகளும் அது நீடிக்கும். ஆனால் ஒப்பாரியை எழுதியவர் யார்? பறையடவை உருவாக்கியவர் யார்? ஒரு சமூகம் முழுதும் சேர்ந்து காத்த இசை, சட்டத்தின் பார்வையில் எவருக்கும் சொந்தமில்லாத பொதுச்சொத்து. அதை எடுத்து மெருகேற்றிப் பதிவு செய்பவருக்குப் புதிய வடிவத்தின் மீது உரிமை உண்டாகிறது. இழிவென்று ஒதுக்கப்பட்ட காலத்தில் அதைச் சுமந்தவர்களுக்கு எதுவும் இல்லை. மரபுக் கலை வெளிப்பாடுகளைக் காக்கத் தனிச்சட்டம் இந்தியாவில் இல்லாதது இதற்கு முதற்காரணம். அத்தகைய சட்டத்துக்கான குரல் தலித் இயக்கங்களிடமிருந்து எழ வேண்டும் என்பது என் கருத்து.

அதற்கு முன் செய்ய வேண்டியவை

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பதிப்புரிமை பெறப் பதிவு கட்டாயமில்லை. பாட்டு உருவானபோதே உரிமையும் உருவாகிவிடுகிறது. மெய்ப்பிப்பதே கடினம். ஆகவே பாடலை முதன்முதலில் பாடும்போதே கைப்பேசியில் பதிந்து, தேதியுடன் மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். பலர் சேர்ந்து உருவாக்கினால், ஒலிப்பதிவுக்கூடத்துக்குள் நுழையும் முன்பே யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஒரு தாளில் எழுதி அனைவரும் கையெழுத்திடுங்கள். நட்பு கெடும் என்று தயங்க வேண்டாம். எழுதாததால் கெட்ட நட்புகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தத்தின் படி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். எழுதுபவரும் மெட்டமைப்பவரும் ராயல்டி வசூலிக்கும் பதிப்புரிமைச் சங்கத்தில் உறுப்பினராகுங்கள்.

வழக்கு நடத்தப் பணமில்லையே என்று பலர் கேட்கிறார்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 12ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெற உரிமை உள்ளவர்கள். இது வன்கொடுமை வழக்குகளுக்கு மட்டும் உரியதன்று, பதிப்புரிமை வழக்குக்கும் பொருந்தும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

அரசுக்கும் ஒரு கடமை உண்டு. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் வழியாக, தமிழில் எழுதப்பட்ட மாதிரி ஒப்பந்தம் ஒன்றை ஒவ்வொரு கலைஞரின் கையிலும் சேர்க்கலாம். அதற்குப் பெரிய செலவு ஆகாது.

பாட்டுக்குக் காசு கேட்பது பேராசை என்ற பேச்சு நம்மிடையே உண்டு. இளையராஜா தம் பாடல்களுக்கான உரிமையை நீதிமன்றத்தில் கோரியபோதும் அந்த ஏளனத்தைக் கேட்டோம். நிலத்தில் உழைத்தவர் கூலி கேட்டபோதும், சாவுக்குப் பறையடிக்க மறுத்தவர் மரியாதை கேட்டபோதும் எழுந்த அதே குரல்தான் அது. இளைஞரின் அந்த ஒரு பக்க ஒப்பந்தம் இப்போது என் கோப்பில் இருக்கிறது. அடுத்து வருபவராவது கையெழுத்திட்ட பின்பு வராமல், கையெழுத்திடும் முன்பு வர வேண்டும்.