பாரசீகம் ஒரு சர்க்கரை

பிறந்த நாட்டை விட்டுப் பெயர்ந்து செல்லும் ஒருவன் தன்னுடன் எதனை எடுத்துச் செல்ல இயலும்? வீட்டையும் நிலத்தையும் எடுத்துச் செல்ல இயலாது. உற்றார் உறவினரையும் பிரியத்தான் வேண்டும். எந்தச் சுங்கச் சாவடியிலும் பறித்துக்கொள்ள முடியாத செல்வங்கள் இரண்டு உண்டு. ஒன்று தாய்மொழி, மற்றொன்று இளமை நினைவு. இவ்விரண்டையும் துணையாகக் கொண்டு அயல்நாட்டில் நீண்ட நாள் வாழ்ந்த ஈரானிய எழுத்தாளர் ஒருவரைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். அவர் பெயர் முகம்மது அலி ஜமால்ஸாதே.

1892ஆம் ஆண்டை ஒட்டி, இஸ்பஹான் நகரில் அவர் பிறந்தார். ஷா அப்பாஸ் மன்னர் 1598இல் தலைநகராக்கிக் கொண்ட நகரம் அது. ஆற்றின் மேல் முப்பத்து மூன்று வளைவுகளைக் கொண்ட பாலமும், நீல ஓடு பதித்த மசூதிகளும், ஏறத்தாழ 560 மீட்டர் நீளமும் 160 மீட்டர் அகலமும் உடைய பெருஞ் சதுக்கமும் இன்றும் அதன் பழம் பெருமையைப் பேசுகின்றன. ‘இஸ்பஹான் பாதி உலகம்’ என்பது ஈரானியர் வழக்கு.

அவருடைய தந்தை சையத் ஜமாலுத்தீன் பெயர் பெற்ற சமயச் சொற்பொழிவாளர். பாமரருக்கும் விளங்கும் எளிய மொழியில் அரசியல் உரிமையை எடுத்துரைத்தவர். 1906இல் ஈரானுக்கு அரசியல் சட்டம் கிடைத்தது. ஆனால் 1908இல் முகம்மது அலி ஷா நாடாளுமன்றத்தைப் பீரங்கியால் தாக்கினார். உரிமைக்குக் குரல் கொடுத்தோர் வேட்டையாடப்பட்டனர். தப்பியோட முயன்ற ஜமாலுத்தீனும் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அப்பொழுது மகன் பெய்ரூட் நகரை அடுத்த ஒரு பள்ளியில் பயின்று கொண்டிருந்தார். பின்னர் ஸ்விட்ஸர்லாந்திலும் பிரான்ஸிலும் கல்வி. பெர்லினில் பத்திரிகைப் பணி. 1931 முதல் 1956 வரை ஜினீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் உத்தியோகம். அந்த ஜினீவாவிலேயே 1997இல், நூறாண்டு கடந்த முதியவராய், அவர் காலமானார். ஈரானில் அவர் வாழ்ந்த ஆண்டுகள் மிகச் சில. எனினும் அவர் எழுதியதெல்லாம் ஈரானைப் பற்றியே!

1921இல் பெர்லினில் அவருடைய முதற் கதைத் தொகுதி வெளிவந்தது. ஆறு கதைகள் கொண்ட அந்நூலே பாரசீகத்தில் நவீனச் சிறுகதைக்குத் தொடக்கம் என்பர். அதன் பெயர் ‘யெகீ பூத், யெகீ நபூத்’. ‘ஒருவர் இருந்தார், ஒருவர் இல்லை’ என்பது பொருள். நம் பாட்டிமார் ‘ஒரே ஒரு ஊரிலே’ என்று கதை தொடங்குவது போல, ஈரானியப் பாட்டிமார் இத்தொடரைச் சொல்லித் தொடங்குவர். ஆகவே நூலின் பெயரிலேயே குழந்தைப் பருவம் குடிகொண்டிருக்கிறது.

அதன் முதற் கதை ‘பாரசீகம் ஒரு சர்க்கரை’. ஐந்தாண்டு அயல்நாட்டில் இருந்துவிட்டு, காஸ்பியன் கடற்கரையில் உள்ள அன்ஸலித் துறைமுகத்தில் ஒருவன் வந்திறங்குகிறான். அதிகாரிகள் ஐயுற்று அவனை ஓர் அறையில் அடைக்கின்றனர். அங்கே முன்பே இருவர் உள்ளனர். ஒருவர் ஷேக், மற்றவர் மேனாட்டு நாகரிகத்தில் மூழ்கிய இளைஞர். பிறகு ரமஸான் என்னும் ஏழை ஒருவனும் உள்ளே தள்ளப்படுகிறான். தான் செய்த குற்றம் என்ன என்று ஷேக்கிடம் அழாத குறையாகக் கேட்கிறான். அவர் அரபு மொழியை அள்ளிக் கொட்டுகிறார். இளைஞரிடம் கேட்டால் பிரெஞ்சு மழை பொழிகிறது. இவர்கள் பித்தர்களோ என்று அவன் நடுங்குகிறான். அப்பொழுது அயல்நாட்டிலிருந்து வந்தவன் அவனிடம் எளிய பாரசீகத்தில் பேசுகிறான். ரமஸான் அடைந்த மகிழ்ச்சிக்கு எல்லையே இல்லை.

இக்கதை வெறும் நகைச்சுவை அன்று. ஈரானின் வரலாறே அந்தச் சிறிய அறையில் அடைபட்டிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் அரபுப் படையெடுப்புக்குப் பின், அரபு சமயத்துக்கும் கல்விக்கும் உரிய மொழியாயிற்று. பாரசீகம் அரபு எழுத்தை ஏற்றது, அளவற்ற சொற்களையும் ஏற்றது, ஆயினும் அழியவில்லை. 1010இல் பிர்தௌஸி நிறைவு செய்த ‘ஷா நாமா’ அதற்குச் சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மோகம் வந்தது. பிற மொழிச் சொல் புகுவது குற்றமன்று. கற்றவன் பேச்சைக் கல்லாதவன் அறியாத நிலை வருவதே குற்றம். நீதி கேட்பவனுக்கு விடை விளங்காவிடில், அது அவனுக்கு மற்றொரு சிறை அன்றோ? மணிப்பிரவாள நடையையும் ஆங்கிலக் கலப்பையும் கண்ட தமிழர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஜமால்ஸாதே தம் நூலின் முகவுரையில் இலக்கியம் பொதுமக்களுக்கும் உரியது என வாதிட்டார். நூலின் இறுதியில் பேச்சு வழக்குச் சொற்களைப் பட்டியலிட்டும் தந்தார்.

இங்கே ஒரு சுவையான செய்தி. கதைத் தலைப்பில் உள்ள ‘ஷெக்கர்’ என்னும் பாரசீகச் சொல், வடமொழிச் ‘சர்க்கரா’ என்பதன் வழி வந்தது. நம் ‘சர்க்கரை’யும் அதுவே. தம் மொழியின் இனிமையைச் சொல்ல ஈரானியர் எடுத்தாண்ட சொல், இந்தியாவிலிருந்து சென்ற சொல்! தூய்மை வேறு, தெளிவு வேறு என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

முதுமையை நெருங்கிய காலத்தில், 1956இல், தம் இஸ்பஹான் இளமையை நினைந்து ஜமால்ஸாதே ஒரு நூல் வெளியிட்டார். ‘ஒரே துணியின் தலைப்பும் முடிவும்’ என்பது போன்ற பொருளுடையது அதன் பெயர். அவர் மீது ஒரு குறை சொல்வாரும் உண்டு. அவர் எழுதிய ஈரான், அவர் சிறுவயதில் கண்ட ஈரானே. நாடு மாறியதை அவர் எழுத்து அறியவில்லை என்பர். அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. தொலைவில் வாழ்வோன் நினைவில் ஊர் மூப்படைவதில்லை. ஆயினும் வேறொன்றும் எண்ணத்தக்கது. ஊரிலேயே இருப்போர் நாள்தோறும் புதியது கண்டு பழையதை மறக்கின்றனர். தெருப்பேச்சும் பழமொழியும் சொல்வாரின்றித் தேய்கின்றன. அவற்றைப் பிரிந்து சென்றவன் பொன்போல் போற்றி வைக்கிறான்.

இளமையில் தந்தையின் வாயிலாகக் கேட்ட எளிய மொழியையே மகன் இலக்கியமாக்கினார். தந்தையைக் கொன்றவர்களால் அந்த மொழியைக் கொல்ல இயலவில்லை. மொழி நிலைப்பது அரண்மனையிலும் அகராதியிலும் மட்டும் அன்று. ஏழை ஒருவன் ‘இது எனக்கு விளங்குகிறது’ என்று மகிழும் இடத்திலேதான்.